பீற்சா நாள் என்று வாசித்த கடிதம்

தம்பி, உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். எங்களைத் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

வோபர்ன் மண்டபத்தில் நீங்கள் வைத்த கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். கல்விச் சபைத் தேர்தலில் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று நிற்கிறது என்று மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தாள். நன்றாகப் பேசினீர்கள். வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கும், பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்கும், மனம் சோர்ந்துபோன பிள்ளைகளுக்கும் பள்ளிகளில் உதவித் திட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றை ஒருவரும் ஒழுங்காக மேற்பார்வை செய்வதில்லை என்றீர்கள். உண்மை. நான் வந்தால் ஒவ்வொரு திட்டத்தையும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்பேன் என்றீர்கள். அதுவும் நல்லது.

உங்கள் திட்டத்தை ஒரு தாளில் அடித்துத் தந்தீர்கள். நான்காவது வரி இது: பள்ளி அனுப்பும் இரண்டு கடிதங்களுக்குப் பெற்றோர் பதில் தராவிட்டால் அந்தப் பிள்ளையின் கோவை, அதாவது ஃபைல், மூடப்படும், அந்த இடம், காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போகும். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னீர்கள். "நான் எட்டு வயசிலயே அம்மாவுக்கு வாற கடிதமெல்லாம் வாசிச்சுச் சொன்னனான். டொக்டர்ர கடிதம், இமிகிரேசன் கடிதம், என்ர பள்ளிக்கூடக் கடிதம்கூட நான்தான்." எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரி கண்ணைத் துடைத்தார். இரண்டையும் ஒரே வாயால், பத்து நிமிட இடைவெளியில் சொன்னீர்கள்.

எனக்கு அங்கே விளங்கவில்லை. நான் மெதுவாக விளங்குகிற ஆள். திரும்பி வரும்போது எல்ஸ்மியர் வீதியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் விளங்கியது. பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை.

"என்னப்பா, பின்னுக்கு நிக்கிறவன் ஹோர்ன் அடிக்கிறான்," என்றாள் மனைவி.

"எங்கட பிள்ளையின்ர கோவையை மூடியிருப்பாங்கள்," என்றேன்.

எந்தப் பிள்ளை, எந்தக் கோவை என்று அவள் கேட்கவில்லை. காரை ஓரமாக விடச் சொன்னாள்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நாங்கள் டோர்செட் பார்க்கில் இப்போதும் இருக்கிற அதே கட்டடத்தில், பதினோராம் மாடியில் இருந்தோம். நான் பாணும் பணிசும் சுடுகிற ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட், மூன்றரைக்கு வீடு. மனைவி பின்னேரம் ஐந்து மணிக்கு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவாள். எனக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்றில்லை. பணிஸ் பெட்டியில் ஒட்டுகிற லேபிளை வாசிப்பேன். சூப்பர்வைசர் கத்தினால் விளங்கும். ஆனால் சின்ன எழுத்தில் ஒரு பக்கம் நிறைய வந்தால் எனக்குத் தலை சுற்றும். மனைவிக்கு அதுவும் இல்லை.

ஆகவே எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதமும் மகளிடம்தான் போகும். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். லிப்டுக்குள்ளேயே பார்க்கலாம். தகப்பன் கடிதத்தைப் பிரித்துக் கையில் கொடுப்பார், பிள்ளை புத்தகப் பையோடு நின்று வாசிக்கும். அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. சொந்தக்காரர் வந்தால் நான் வேண்டுமென்றே ஒரு கடிதத்தை எடுத்து மகளிடம் கொடுப்பேன். "எங்கட பிள்ளை டக்கெண்டு சொல்லும் பாருங்கோ." அவளும் சொல்வாள். மின்சாரக் கடிதத்தை அதன் நிறத்தை வைத்துச் சொல்வாள். பல் வைத்தியரின் கடிதத்தில் பல் படம் இருக்கும். கட்டட நிர்வாகத்தின் கடிதம் என்றால் வீட்டுக்குள் யாரோ வந்து எதையோ திருத்தப் போகிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் வரும்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியாது.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக் கதைப் புத்தகத்தை மடியில் வைத்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். வகுப்பில் ரீச்சர் வாசித்ததை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு, சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்புவாள். குரலை ஏற்றுவாள், இறக்குவாள். நான் சோபாவில் படுத்திருந்து கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிடுவேன். சோதனையில் புள்ளி குறைந்தால், விளையாட்டுப் புத்தி என்று ஏசிவிட்டு ரியூசனில் சேர்த்தேன். ரியூசன் மாஸ்டரும் கவனம் காணாது என்றார். அது எனக்கு வசதியாக இருந்தது.

பள்ளியிலிருந்து முதல் கடிதம் வந்தது. வழக்கம்போல அவளிடம் கொடுத்தேன். விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திப் பார்த்தாள். "லைப்ரரி புத்தகம் திருப்பிக் குடுக்கச் சொல்லி," என்றாள். கடிதம் மனைவி சமைக்கிற குசினியின் கதவுப் பிடியில் தொங்கிய பிளாஸ்டிக் பைக்குள் போனது. அந்தப் பைதான் எங்கள் அலுமாரி, எங்கள் கோவை, எல்லாம்.

கொஞ்ச நாளில் இரண்டாவது வந்தது. கீழே கையெழுத்து வைக்க ஒரு கோடு இருந்தது. அதைக் காட்டி, "இது என்ன, சைன் வைக்கவேணுமோ?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை பீற்சா டே, அப்பா. விருப்பமெண்டா வைக்கலாம். சாப்பாடு கட்டத் தேவையில்லை."

"பீற்சா சாப்பிடுறதுக்கும் சைனோ? இந்த நாட்டில எல்லாத்துக்கும் சைன்." நான் வைக்கவில்லை. அதுவும் பைக்குள் போனது.

தம்பி, உங்கள் கணக்கின்படி இத்தோடு சரி. இரண்டு கடிதம், பதில் இல்லை, கோவை மூடல்.

வெள்ளிக்கிழமை மனைவி சாப்பாடு கட்டவில்லை. ஒரு நாள் வேலை மிச்சம் என்று அவளுக்குச் சந்தோசம். மத்தியானம் பள்ளிச் சாப்பாட்டு அறையில் எல்லாப் பிள்ளைகளும் பெட்டியைத் திறந்தபோது எங்கள் மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த நேரம் அந்த அறைக்குள் ஒரு பெண் வந்திருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர். மூன்று நான்கு பள்ளிகளுக்குப் போய், எங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் பள்ளிக்கும் நடுவில் நிற்கிறவர். அவருடைய பதவிக்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார். இன்றைக்குப் பீற்சா நாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் பள்ளியில் பீற்சாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் தன் சாப்பாட்டில் பாதியை மூடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

மகள் வீட்டுக்கு வந்து, "ஒரு அன்ரி மஞ்சள் சோறு தந்தவ. புளிச்சுது, நல்லாயிருந்தது," என்றாள்.

"அப்ப பீற்சா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சிட்டுது."

அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"வணக்கம் சார், ஸ்கூல்ல இருந்து பேசறேன். உங்க பொண்ணு விஷயமா ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"நான் சாரில்லை. பாண் போடுறவன்."

"பரவால்ல சார். நாங்க ரெண்டு லெட்டர் அனுப்பிச்சிருக்கோம், பாத்தீங்களா?"

"ஓம் ஓம், பாத்தனாங்கள். எல்லாம் ஓகே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது எங்களுடைய இன்னொரு பழக்கம். பள்ளியிலிருந்து எதைக் கேட்டாலும் ஓம் என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும்.

அவருக்குப் பேச்சு முடியவில்லை. திங்கட்கிழமை நான் வேலையால் வந்து கட்டடத்துக்குள் நுழைகிறேன், கீழ் வாசலில் பனிச் சப்பாத்தோடு நிற்கிறார். நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று மகளிடம் கேட்டு வைத்திருந்திருக்கிறார். ஏதோ இன்சூரன்ஸ் விற்கிற ஆள் என்று நினைத்து விலகி நடந்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை. பதினொரு மாடி ஏறினேன். கதவைத் திறக்கும்போது பார்த்தால் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்.

"சார், நீங்க வேகமா ஏறறீங்க," என்றார்.

மனைவிதான் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். நான் இருக்கச் சொல்லவில்லை. அவராகவே சோபாவில் இருந்தார். கடிதத்தைப் பற்றி மறுபடி கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. குசினிக்குப் போய்ப் பையைக் கழற்றிக்கொண்டு வந்து, இரண்டு கடிதத்தையும் எடுத்து அவருக்கு முன்னால் போட்டேன்.

"இந்தாங்கோ. பீற்சா டேக்கு ஒரு கடிதம், லைப்ரரிக்கு ஒரு கடிதம். இதுக்கு ஏன் நீங்கள் ஆளைக் கலைச்சுக்கொண்டு வாறியள்?"

அவர் கடிதத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மகள் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணு, நீ உள்ள போய் டிராயிங் பண்ணிட்டு இரு," என்று அனுப்பிவிட்டு எங்களுக்குத் தமிழில் வாசித்தார். உங்கள் மகளுக்கு வாசிப்பதில் பெரிய சிரமம் இருக்கிறது. அவளுடைய வயதுக்கு இரண்டு வருடம் பின்னால் நிற்கிறாள். அவளைப் பரிசோதித்து, தனி வாசிப்பு வகுப்பில் சேர்க்க உங்கள் சம்மதம் தேவை. இரண்டு கடிதத்திலும் அதுதான் இருந்தது.

வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வந்த கடிதத்தை அந்தப் பிள்ளையிடமே வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தரம்.

மனைவி அடுப்பை நிறுத்தினாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அப்போது நான் செய்தது, மகளைக் கூப்பிட்டுக் கத்தியது.

"ஏன் பொய் சொன்னனி?"

"எனக்குத் தெரியேல்லையெண்டு சொன்னா நீங்கள் ஏசுவீங்கள்," என்றாள். "பிறகு ஆர் உங்களுக்கு வாசிக்கிறது?"

அந்தக் கோயம்புத்தூர்க்காரர் எழும்பினார். அதுவரை மெதுவாகப் பேசியவர். "சார், குரலைக் குறைங்க. எட்டு வயசுக் குழந்தை இந்த வீட்டோட மானத்தைத் தனியாத் தூக்கிட்டு நின்னிருக்கா. நிறத்தைப் பாத்து, படத்தைப் பாத்து இவ்வளவு சமாளிக்க எவ்வளவு மூளை வேணும்! அந்த மூளைக்கு எழுத்து மட்டும்தான் சார் வரல."

நான் சோபாவில் போய் இருந்தேன்.

அப்போதும் நான் உடனே கையெழுத்து வைக்கவில்லை. தனி வகுப்பு என்றால் பெயர் ஒட்டிக்கொள்ளும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், நாளைக்குக் கலியாணம் பேசும்போது இது வரும் என்றேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு.

"கல்யாணம் இருக்கட்டும் சார். முதல்ல கிரேட் ஃபோர் போகட்டும்," என்றார்.

மனைவி சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் ஒன்று சொன்னார். பதில் வராததால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். "நான்தான் இன்னும் ஒரு வாரம் குடுங்கன்னு கேட்டு வாங்கியிருக்கேன். நாளைக்கு அந்த வாரம் முடியுது."

கையெழுத்து வைத்தேன். பேனா எழுதவில்லை. மகளின் பச்சைக் கலர் பென்சிலால் வைத்தேன். அதைப் பள்ளியில் ஏற்றுக்கொண்டார்கள்.

வாசிப்பு வகுப்பு உடற்பயிற்சி மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் நடந்தது. முன்பு பந்து வைக்கிற அறை, ரப்பர் மணம் போகவே இல்லை என்று மகள் சொல்வாள். வயதான ஒரு வெள்ளைக்கார ரீச்சர் ஐந்து பிள்ளைகளை வைத்துக் கற்பித்தார். ஒரு தட்டில் உப்பைப் பரப்பி, விரலால் எழுத்தைக் கீறச் சொல்வார். கீறும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். மகள் வீட்டில் வந்து மனைவியின் அரிசிமாவில் கீறுவாள். இதுவா படிப்பு என்று எனக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது நான் செய்த ஒரு நல்ல காரியம்.

சும்மா ஒரு மாதத்தில் வந்துவிடவில்லை. இரண்டு குளிர்காலம் போனது. நடுவில் அவள் புத்தகத்தை எறிந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் எல்லாம் கோயம்புத்தூர்க்காரர் எங்களுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசுவார். அதற்குள் எனக்கும் அவருடைய 'சார்' பழகிவிட்டது.

ஒரு நாள் மகளைப் பள்ளியால் கூட்டிக்கொண்டு வந்தேன். லிப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் அழுத்தப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள். தாளுக்கு முன்னால் நின்று, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். பிறகு திரும்பி, "அப்பா, லிப்ட் உடைஞ்சு போச்சு. புதன்கிழமை வரைக்கும் வராது," என்றாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஆறு நாளைக்கு லிப்ட் இல்லை. அவள் எங்களுக்கு உண்மையாக வாசித்துச் சொன்ன முதல் செய்தி அது. நான் அவளுடைய பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பதினொரு மாடியும் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் அதே தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று வாசித்தாள். ஐந்தாம் மாடிக்கு மேல் உதடு அசையாமலே வாசித்தாள்.

அடுத்த நாள் தொழிற்சாலையில் கோணலாய் வெந்த பணிஸ் இரண்டு பை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அவற்றை விற்க மாட்டார்கள், வேலை செய்கிறவர்கள் எடுக்கலாம். வாசிப்பு ரீச்சருக்கு ஒரு பை. கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு பை. எனக்கு நன்றி என்ற சொல் வாயில் வரவில்லை. பழக்கம் இல்லை. "இந்தாங்கோ," என்றேன்.

"எவ்வளவு சார் இது! வீட்ல ரெண்டே பேருதான்," என்று சிரித்தார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

அந்த நன்றியை அவருக்கு இப்போது இங்கே சொல்கிறேன். கூப்பிடாத வீட்டுக்கு வந்தீர்கள், அம்மா. நான் தொலைபேசியை வைத்தபிறகும் வந்தீர்கள். இடம் போகாமல் ஒரு வாரம் பிடித்து வைத்தீர்கள். என் மகளை முட்டாள் என்று சொல்ல இருந்த என் வாயை மூட வைத்தீர்கள். இந்த நாட்டில் எனக்கு யாரும் இதைவிடப் பெரிய உதவி செய்யவில்லை. நான் பல பேரிடம் உதவி வாங்கியவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்றைக்கும் வரிக்குக் கீழே கோடு கீறுகிற அடிமட்டத்தை வைத்துத்தான் வாசிப்பாள். மெதுவாக, ஆனால் ஒரு சொல்லும் விடமாட்டாள். தமிழ் அவளுக்கு வாசிக்க வராது. ஆகவே இதுவரை எழுதியதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எழுதுங்கோ அப்பா. பேர் மட்டும் போடாதேங்கோ," என்றாள். பிறகு, "அந்த மஞ்சள் சோறு லெமன் ரைஸ்," என்று திருத்தினாள்.

தம்பி, உங்களிடம் முதலில் நேரில்தான் கேட்டேன். கூட்டம் நடந்து அடுத்த சனிக்கிழமை, தமிழ்க் கடை வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஞாபகம் இருக்கும். வெங்காயப் பையோடு ஒரு ஆள்.

"தம்பி, ரெண்டு கடிதத்துக்குப் பதில் வராட்டி மூடுறதெண்டு போட்டிருக்கிறியள். அந்தக் கடிதத்தை வீட்டில ஆர் வாசிக்கிறது?"

"அங்கிள், எங்கயோ ஒரு கட்-ஓஃப் வேணும். காத்திருக்கிற பிள்ளையளும் இருக்குதுகள் எல்லே?"

"அது சரி. ஆர் வாசிக்கிறதெண்டு கேக்கிறன்."

"இப்ப எல்லாம் ஈமெயில் அங்கிள். ஃபோனில அமத்தினா தமிழிலயே வரும்."

"அந்த ஃபோனை எங்களுக்கு அமத்தித் தாறது ஆர்?"

சிரித்தீர்கள். "நீங்கள் ஒரு ஈமெயில் போடுங்கோ அங்கிள், கட்டாயம் பதில் எழுதுறன்," என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு நோட்டீஸ் நீட்டினீர்கள்.

காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது சரி. என் மகளுக்குக் கிடைத்த இடத்துக்கும் யாரோ காத்திருந்திருப்பார்கள். அதை நான் மறக்கவில்லை. இடம் காணாதென்றால் இடம் கேட்டுச் சண்டை பிடியுங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம். நீங்கள் வேலை முடிந்த கையோடு கடை வாசலில் குளிரில் நிற்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் நன்றி. உங்களுக்கு வாக்குப் போட நினைத்துத்தான் கூட்டத்துக்கு வந்தேன். இன்னும் அந்த நினைப்பை விடவில்லை.

ஆனால் ஈமெயில் போட மாட்டேன், எல்லோரும் வாசிக்கிற மாதிரி இங்கேதான் எழுதுகிறேன். நீங்கள் எனக்குத் தனியாக எழுதும் பதில் என் வீட்டுப் பிளாஸ்டிக் பைக்குள்தான் போகும். எங்கள் லிப்டுக்குள் இப்போதும் கடிதத்தோடும் தகப்பனின் ஃபோனோடும் பிள்ளைகள் நிற்கிறார்கள். அதில் எந்தப் பிள்ளை உண்மையாக வாசிக்கிறது, எது நிறத்தைப் பார்த்துச் சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

அடுத்த கூட்டம் அதே மண்டபத்தில் என்று போட்டிருக்கிறீர்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். மகளும் வருவாள். மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: இரண்டு கடிதத்துக்கும் பதில் வராத வீட்டுக் கதவை, கோவையை மூடுவதற்கு முன்னால் யார் போய்த் தட்டுவார்? இன்ன வேலையில் இருக்கிற ஆள் போவார் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த நான்காவது வரியை அங்கேயே, எங்கள் கண்முன்னால் வெட்டுங்கள்.